அண்ணன் கையில் சிவப்புப் பேனை: வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தரம் 5இல் படிக்கும் ஒரு பையன் கணித பாடத்தில் பென்சிலை இடது கையால் பிடித்து எழுதிக்கொண்டிருந்தான். அவன் வலக்கைக்காரன் என்பது வகுப்பாசிரியைக்குத் தெரியும். கையைக் காட்டு என்று சொல்லி விரித்துப் பார்த்தால், வலது உள்ளங்கையில் குறுக்கே மூன்று கோடுகள் சிவந்து தடித்துப்போய் இருந்தன. யார் அடித்தது என்று கேட்டதற்கு "அண்ணா" என்றான். ஏன் என்றதற்கு அவன் சொன்னது இதுதான்: "28 எண்டு சொல்லச் சொன்னவர். நான் 30 எண்டு சொன்னனான்."

அன்றைக்கே அவனை என்னிடம் அனுப்பினார்கள். நான் இந்தப் பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியை. இதை எழுதத் தாயிடமும் மூத்த மகனிடமும் கேட்டேன், இருவரும் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றிவிட்டேன். பெயர் வேண்டாம், வீட்டில் அழைப்பதுபோலப் பெரியவன், சின்னவன் என்றே எழுதுகிறேன்.

எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையின் வடக்கே, போர் கடைசியாக நடந்த எங்கள் வன்னியில் தகப்பன் இல்லாத வீடுகள் அதிகம். போரில் இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், இப்போது வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள். அந்த வீடுகளில் தகப்பனின் கதிரையில் மூத்த மகன் உட்கார்ந்திருப்பான், சில வீடுகளில் மூத்த மகள். பிறகு பிள்ளைகளுக்குள் அடிபிடி வந்தால் "அண்ணன் தம்பி எண்டால் சண்டை பிடிக்கும்தானே" என்று நாங்களும் விட்டுவிடுகிறோம். சண்டை பிடிக்கும்தான். ஆனால் மூத்தவனுக்கு அடிக்கும் உரிமையை யார் கொடுத்தது, எதுவரைக்கும் கொடுத்தது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

வீடு

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற ஒரு குடியேற்றக் கிராமம். தகப்பன் 2023இல் கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போனவர். போவதற்கு வாங்கிய கடனில் பாதி இன்னும் இருக்கிறது. தாய் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடிய முதலே சந்தியில் நின்று தொழிற்சாலை பஸ் ஏறினால், வீட்டுக்கு வர இருட்டிவிடும். பகலில் வீட்டில் அம்மம்மா. அவவுக்குச் சீனி வருத்தம், ஒரு கண் தெரியாது.

பெரியவன் 2009இன் கடைசியில், போரில் இடம்பெயர்ந்த சனம் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கம்பி வேலிக்குள் இருந்த காலத்தில் பிறந்தவன். சின்னவன் 2015இல், இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டின வீடு பூசி முடிந்த பிறகு பிறந்தவன். இருவருக்கும் இடையில் ஆறு வயது. தாய் பேச்சுக்குப் பேச்சு "அவன் முகாமில பிறந்தவன், இவன் வீட்டில பிறந்தவன்" என்று சொல்லுவார். பெரியவன் எதையும் தாங்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் சின்னவனுக்கு ஒன்றும் குறையக்கூடாது என்ற ஆசையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இருக்கின்றன.

2025 இருவருக்குமே பரீட்சை ஆண்டு. சின்னவனுக்கு ஆகஸ்ட் 10ஆம் திகதி தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. பெரியவன் தரம் 11, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சாதாரண தரப் (O/L) பரீட்சை. ஆனால் அந்த வீட்டில் "சோதினை" என்றால் அது சின்னவனின் சோதினைதான். பெரியவனுக்கும் ஒரு சோதினை வருகிறது என்று நான் சொன்னபோது தாய், "ஓம், அவனுக்கும் இருக்குத்தானே" என்று யோசித்துத்தான் சொன்னார்.

தகப்பன் புறப்பட்ட இரவு ஏ9 வீதியில் கொழும்பு பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, பெரியவனின் தோளில் கை வைத்துச் சொன்னாராம்: "இனி வீட்டுக்கு நீதான் ஆம்பிளை. தம்பியை நீதான் பாக்கோணும்." பெரியவனுக்கு அப்போது பதினான்குகூட ஆகவில்லை. எதைப் பார்க்கவேண்டும், எவ்வளவு நேரம், தம்பி கேட்காவிட்டால் என்ன செய்வது என்று ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தகப்பன் பாசமில்லாமல் சொல்லவில்லை. மனம் தாங்காமல் சொன்ன வார்த்தை அது. ஆனால் அதில் எல்லை இல்லை.

எல்லை இல்லாததால் அது மெல்ல மெல்ல வளர்ந்தது. முதலில் தம்பியைச் சைக்கிளில் ஏற்றி இறக்குவது. பிறகு வீட்டு வேலை செய்தானா என்று பார்ப்பது. பிறகு ரியூசன் காசு. அதன்பின் ரச் போனை யார் எவ்வளவு நேரம் வைத்திருப்பது, விளையாடப் போகலாமா கூடாதா. 2025 தைப்பொங்கல் முடிய, வீட்டுச் சுவரில் ஒரு நேரசூசி ஏறியது.

அந்தத் தாளை நான் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். ஏ4 தாளில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. மூன்று மணிக்கு மாதிரி வினாத்தாள், நாலரைக்குத் திருத்தம், ஐந்துக்குப் பிழைகளைத் திரும்ப எழுதுதல், ஆறரைக்கு விளக்கு வைத்துத் தேவாரம், ஏழுக்குச் சுற்றாடல். "விளையாட்டு" என்ற சொல் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மட்டும்தான் இருந்தது. கீழே ஒரு கையொப்பம், அதன் கீழே திகதி. கையொப்பம் பெரியவனுடையது. மேசையில் ஒரு சிவப்புப் பேனை. ஆசிரியர்மார் திருத்துகிற அதே மாதிரிப் பேனை, தன் கைச்செலவுக் காசில் வாங்கியது. சரி போட, பிழை போட, புள்ளி போட. அந்த நேரசூசியில் பெரியவன் எந்த நேரம் தன் சொந்தப் பாடத்தைப் படிப்பான் என்று ஒரு வரிகூட இல்லை.

28ஆ 30ஆ

புலமைப்பரிசிலில் இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. முதலாம் தாள் நுண்ணறிவு, பல்தேர்வு வினாக்கள். இதற்கென்று விற்கிற மாதிரி வினாத்தாள் புத்தகம் ஒன்றை நகரத்தில் வாங்கியிருந்தார்கள். விடைகள் கடைசிப் பக்கங்களில். பெரியவன் அந்தப் பக்கங்களை வெட்டி எடுத்துத் தன் புத்தகப்பைக்குள் வைத்துக்கொண்டான். திருத்தும்போது மட்டும் வெளியே எடுப்பான்.

அந்தப் பின்னேரம் வந்த வினா: 2, 6, 12, 20 என்று போகும் தொடரில் அடுத்தது எது? தெரிவுகள் 26, 28, 30, 32. சின்னவன் 30 என்று குறித்தான். விடைத்தாளில் 28 என்று அச்சாகியிருந்தது. பெரியவன் பிழை போட்டு, திரும்பச் செய் என்றான். சின்னவன் திரும்பவும் 30. "நாலு கூடுது, ஆறு கூடுது, எட்டுக் கூடுது, அப்ப பத்துத்தானே கூடவேணும்" என்று விளக்கமும் சொன்னான். பூவரசந் தடியால் ஒரு அடி. திரும்பச் செய். 30. இன்னொரு அடி. பிறகு மூன்றாவது. விறாந்தையில் இருந்து அம்மம்மா "விடடா அவனை, குழந்தைப்பிள்ளை" என்று கத்தியிருக்கிறா. இருட்டினபிறகு வந்த தாய் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கதையைக் கேட்டுவிட்டு, "அண்ணா சொன்னாக் கேக்கோணும்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் கையைப் பார்த்த வகுப்பாசிரியை, அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதி 30 என்று காட்டினார். சின்னவனுக்கு அது போதும். பின்னேரம் பிள்ளைகள் விளையாடுகிற வெட்டையில், பெரியவனின் வகுப்புப் பையன்கள் நிற்கும்போது, "எங்கட அண்ணாவுக்கு அஞ்சாம் வகுப்புக் கணக்கே தெரியாது, சும்மா வாத்தி வேலை பாக்கிறார்" என்று உரக்கச் சொன்னான். காலபோக அறுவடை முடிந்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கும்வரை எங்கள் வயல்கள்தான் மைதானம், அங்கே சொன்னால் ஊருக்கே சொன்னமாதிரி. அன்றிரவு பெரியவன் தம்பி பனை மட்டையில் சீவி வைத்திருந்த கிரிக்கெட் துடுப்பை எடுத்து அடுப்புக்குள் வைத்தான். அது எரிந்து முடியும்வரை யாரையும் கிட்ட விடவில்லை.

இருவரும் சொன்னது

சின்னவன் ஒளிவு மறைவு இல்லாமல் பேசுவான். "அவர் என்ன அப்பாவோ? அப்பா அடிச்சால் சரி. இவர் ஏன் அடிக்கிறார்?" பத்து வயதுப் பிள்ளைக்கு அதிகாரம் எங்கிருந்து வரவேண்டும் என்பதில் எவ்வளவு தெளிவு பாருங்கள். படிப்பதில் அவனுக்கு வெறுப்பு இல்லை, வகுப்பில் முதல் ஐந்துக்குள் வருகிறவன். அவனுக்கு ஏற்காதது அண்ணன் முன்னால் கைகட்டி நிற்பதுதான்.

ஆனால் அவன் கையிலும் ஒரு ஆயுதம் இருந்தது. கோள். தாய் படலையைத் திறந்து உள்ளே கால் வைக்க முதல் ஓடிப்போய் அண்ணா போனில் யாரோடு கதைத்தார், அண்ணா அரிசிப் பானையைக் கரியவிட்டார், அண்ணா அம்மம்மாவோடு சத்தம் போட்டார் என்று அடுக்குவான். பெரியவன் பள்ளிக்கூடம் வெளிக்கிடும் நேரம் பார்த்துச் சைக்கிள் திறப்பை ஒளித்துவைப்பான். கேட்டால் அழுவான், அழுதால் அம்மம்மா வருவா. அடி வாங்குகிறவன் என்பதால் ஒரு பிள்ளை எல்லாவற்றிலும் அப்பாவி என்று நினைத்துவிட்டால் பாதிக் கதைதான் தெரியும். மேலே தடி இருந்தால் கீழே இருக்கிறவன் வேறு வழிகளைக் கண்டுபிடிப்பான். அதற்காக அடித்தது சரியாகிவிடாது.

பெரியவன் முதல் நாள் வாய் திறக்கவே இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். ஏன் அடித்தாய் என்று நான் கேட்கவில்லை, அந்தக் கேள்வியை அதற்குள் பலர் கேட்டுவிட்டார்கள். அப்பா போன் எடுத்தால் முதலில் என்ன கேட்பார் என்று கேட்டேன். தலையை நிமிர்த்தினான். "தம்பி இண்டைக்கு எத்தினை மார்க்ஸ் எண்டு கேப்பார்." உன்னைப் பற்றி? "என்னைப் பற்றிக் கேக்கிறேல்லை. தம்பி படிக்காட்டி என்னைத்தான் கேப்பார்."

இரவு ஒன்பது மணிக்கு, கட்டாரில் ஆறரை மணி, வேலை முடிந்து வந்து தகப்பன் எடுக்கிற அந்த அழைப்புத்தான் அவனுக்குத் தினமும் வருகிற சோதினை. புள்ளி குறைந்தால் ஏச்சு விழுவது அவனுக்கு. விடிந்தால் தம்பியை இன்னும் இறுக்குவான்.

இன்னும் சில விபரங்கள் மெல்ல வெளியே வந்தன. அவன் பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியில் இருந்தவன், உயரமான பையன், நன்றாக அடிப்பான் என்று விளையாட்டு ஆசிரியர் சொன்னார். தகப்பன் கட்டாருக்குப் போன ஆண்டே அதை விட்டுவிட்டான், பயிற்சி பின்னேரம் ஐந்து வரைக்கும் நடக்கும், தம்பியை யார் பார்ப்பது? தன் தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 31 புள்ளி. அதை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு ஒரு நாள் அந்தத் தொடரை ஒரு தாளில் எழுதி அவன் முன்னால் வைத்தேன். பார்த்த உடனேயே சொன்னான்: "ஒண்டு தர ரெண்டு, ரெண்டு தர மூண்டு, மூண்டு தர நாலு, நாலு தர அஞ்சு எண்டு போகுது ரீச்சர். அடுத்தது அஞ்சு தர ஆறு. 30." தம்பி சொன்ன வழியைவிட நல்ல வழி. எப்போது கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "ரெண்டாம் அடி அடிச்ச பிறகு கொப்பியின்ர பின்பக்கத்தில செய்து பாத்தனான்."

அப்படியென்றால் மூன்றாவது அடி?

"28 எண்டு சொல்லிப்போட்டன் ரீச்சர்."

எனக்கு விளங்கியது

இந்த ஆய்வின் மையம் அந்த ஒரு வரிதான். 30 சரி என்று தெரிந்தபிறகும் அவன் அடித்தான், ஏனென்றால் அந்த வீட்டில் அவனுடைய இடம் முழுவதும் "அண்ணா சொன்னால் சரி" என்ற ஒன்றின் மேல்தான் நின்றது. ஒரு ஆசிரியை கரும்பலகையில் பிழை விட்டால் அழித்துவிட்டுத் திருத்தி எழுதலாம், அவர் ஆசிரியைதான் என்பது அதனால் போய்விடாது. பதினைந்து வயதுப் பையனுக்கு அந்த உறுதி இல்லை. ஒரு தரம் பிழை என்று ஒத்துக்கொண்டால் மறுநாள் தம்பி எழும்பியே வரமாட்டான், தம்பி வராவிட்டால் புள்ளி குறையும், இரவு ஒன்பது மணிக்கு ஏச்சு விழும்.

அல்பிரட் அட்லர் என்ற உளவியலாளர் மூத்த பிள்ளையைப் பற்றி எழுதியது பலருக்குத் தெரிந்திருக்கும். தம்பி பிறந்ததும் இடம் பறிபோன மூத்த பிள்ளை பின்னாளில் அதிகாரத்தையும் சட்டதிட்டங்களையும் இறுகப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பார். இந்தப் பையனிடம் அதன் சாயல் இருக்கிறது, ஆனால் என்னை அதிகம் தெளிவாக்கியது குடும்பச் சிகிச்சையில் பேர்பெற்ற சல்வடோர் மினுச்சின் சொன்னது. பெற்றோரின் வேலையை ஒரு பிள்ளை ஏற்றுச் செய்வது தன்னளவில் கெடுதல் இல்லை என்கிறார் அவர். பெரிய குடும்பங்களிலும் தனித் தாய் குடும்பங்களிலும் அது தேவை, பிள்ளையும் அதில் பொறுப்பைப் பழகும். ஒப்படைத்தது என்ன என்று தெளிவில்லாமலும், பெற்றோர் முழுக்கக் கைவிட்டும் போகும்போதுதான் அந்தப் பிள்ளை நொறுங்குகிறது. எங்கள் ஊருக்கு இது அப்படியே பொருந்தும். அண்ணன் தம்பியைப் பார்க்கவே கூடாது என்று வன்னியில் போய்ச் சொன்னால் யார் கேட்பார்கள்? தாய் வேலைக்குப் போகத்தான் வேண்டும், யாரோ பார்க்கத்தான் வேண்டும். கேள்வி எல்லையைப் பற்றியது.

தாய் ஏன் "அண்ணா சொன்னாக் கேக்கோணும்" என்ற ஒரு வரியோடு நின்றார் என்பதை அவராகவே ஒரு நாள் சொன்னார். அவருக்கும் ஒரு அண்ணா இருந்தார். 2009 தை மாதம் கிளிநொச்சி விழுந்தபோது தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, பிறகு மாத்தளன் என்று அந்த அண்ணாதான் குடும்பத்தை இழுத்துக்கொண்டு போனவர். "இப்ப பங்கருக்க இறங்கு எண்டா இறங்குவம். இப்ப வெளிக்கிடு எண்டா சமைச்ச சோத்தையும் விட்டுட்டு வெளிக்கிடுவம். ஏன் எண்டு கேட்டதில்லை. கேட்டிருந்தா நான் இண்டைக்கு இல்லை ரீச்சர்." போர் முடிந்த வைகாசியோடு அந்த அண்ணா இல்லை. 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கியபோது அம்மம்மா மகனின் படத்தோடு போய் இருந்தவ, உடம்பு முடிந்தவரைக்கும் போனவ.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியின் போர் அனுபவத்தைக் கூட்டு மனவடு என்று சொல்லி எழுதியிருக்கிறார், பாதிப்பு தனி ஆட்களோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் தொடுகிறது என்று. இந்தத் தாய்க்கு அண்ணன் சொல் கேட்பது உயிர் தப்புகிற வழியாக இருந்தது. ஷெல் விழுகிற இடத்தில் அது சரி. எண் தொடர் செய்கிற மேசையில் அதே கீழ்ப்படிவைக் கேட்கும்போதுதான் ஒரு பிள்ளையின் கை வீங்குகிறது. இதைத் தாயிடம் இதே வார்த்தைகளில் சொன்னேன். அவர் அழுதார், ஆனால் மறுக்கவில்லை.

செய்தது

முதல் காரியம் அடி நிற்கவேண்டும். அதில் பேரம் இல்லை. அதிபருக்கு அறிவித்தேன், கையை மருத்துவரிடம் காட்டினோம், எலும்பில் ஒன்றும் இல்லை. திரும்ப நடந்தால் பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போகும் என்பதைத் தாய்க்கும் பெரியவனுக்கும் மறைக்காமல் சொன்னேன். சின்னவனுக்கு 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன், அண்ணனுக்கும் சேர்த்தே சொன்னேன், அவனும் பிள்ளைதான். "பள்ளிக்கூடத்திலயும் அடிக்கினம்தானே" என்று தாய் கேட்டார். நியாயமான கேள்வி. 2005இலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை போட்டுப் பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்துவிட்டது, இன்னும் அடிக்கிறவர்கள் அதை மீறித்தான் அடிக்கிறார்கள் என்றேன்.

இரண்டாவது, அதிகாரத்தைத் தாய் திரும்ப எடுக்கவேண்டும். தாய் உடனே, "நான் ஒன்பதாம் வகுப்போட இடம்பெயர்ந்தனான், எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, நான் எப்பிடிப் பாக்கிறது?" என்றார். பல தாய்மார் மாட்டிக்கொள்கிற இடம் இது. கணக்குத் தெரிந்தவன்தான் பொறுப்பு எடுக்கலாம் என்று நினைத்து, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வீட்டையே கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் திருத்தத் தேவையில்லை, செய்தானா இல்லையா என்று பார்த்துக் கையெழுத்து வையுங்கள், சரி பிழையை வகுப்பாசிரியை பார்ப்பார் என்றேன். வகுப்பாசிரியையும் ஒத்துக்கொண்டார். வாரத்துக்கு இரண்டு வினாத்தாள், அவர் திருத்துவார், தாய் ஒப்பமிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலை லீவு நாள், அவர்கள் வீட்டு விறாந்தையில் எல்லோரும் இருந்தோம். தாய் இரண்டு பிள்ளைகளின் முகத்தையும் பார்த்துச் சொன்னார்: "தம்பியின்ர படிப்புக்கு இனி நான் பொறுப்பு. அண்ணா இவ்வளவு நாளும் பாத்தது பெரிய உதவி. இனி அவன் அவன்ர படிப்பைப் பாக்கட்டும்." பெரியவனை மட்டம் தட்டாமல் இதைச் சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். தம்பி முன்னால் அண்ணனின் மானம் போனால் மூலையில் கிடக்கிற தடி திரும்ப வெளியே வரும். பெரியவன் எழும்பிப்போய் நேரசூசியைக் கழற்றினான், கிழிக்கவில்லை, மடித்துத் தன் கொப்பிக்குள் வைத்தான். சிவப்புப் பேனையைத் தாயிடம் கொடுத்தான்.

அவனுக்கு மூன்று பொறுப்பு மட்டும் விட்டோம். பின்னேரம் தம்பி எங்கே நிற்கிறான் என்று தெரிந்திருப்பது, இருட்ட முதல் வீட்டுக்குக் கூப்பிடுவது, அம்மம்மாவின் குளிசையை நேரத்துக்குக் கொடுப்பது. தாய் வந்து படலையைத் திறந்ததும் அந்தப் பொறுப்பு அன்றைக்கு முடிந்தது. தம்பி வர மறுத்தால் அடிக்காமல் தாய்க்குச் சொல்லவேண்டும், மிச்சம் தாயின் வேலை. வாரத்தில் இரண்டு பின்னேரம் அவன் கரப்பந்துக்குப் போவான், அந்த நேரம் பக்கத்து வளவு அன்ரி ஒரு கண் வைத்துக்கொள்வார்.

எரித்த துடுப்புக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, இன்னொன்று செய்து கொடுக்கச் சொன்னேன். பனை மட்டை தேடி, கருக்குச் சீவி, பிடிக்குச் சைக்கிள் ரியூப் சுற்றி ஒரு நாள் முழுக்கச் செய்தான். பழையதைவிட நல்லது என்று சின்னவன் எனக்கு இரகசியமாகச் சொன்னான், அண்ணனுக்குச் சொல்லவில்லை. சின்னவனுக்கும் இரண்டு கட்டளை: அண்ணனின் கதையை வெட்டைக்குக் கொண்டுபோகக்கூடாது, ஆபத்தான விடயம் தவிர எதையும் தாய் வந்ததும் ஓடிப்போய்ச் சொல்லக்கூடாது. முதலாவதை வைத்திருக்கிறான். இரண்டாவது இன்னும் கஷ்டம்தான்.

தகப்பனோடு பேசியதுதான் மிகக் கடினம். வீடியோவில், தங்குமிடத்தில் கட்டிலில் இருந்தபடி, "நான் இல்லாத வீட்டில ஒரு ஆம்பிளை வேண்டாமோ ரீச்சர்?" என்று கேட்டார். வீட்டில் ஒரு அம்மா இருக்கிறா என்றேன். இரண்டே இரண்டு காரியம் கேட்டேன். சின்னவனின் படிப்பைச் சின்னவனிடமே கேட்கவேண்டும், அண்ணன் வழியாக இல்லை. பெரியவனோடு பேசும்போது முதல் கேள்வி அவனைப் பற்றியதாக இருக்கவேண்டும். முதல் கிழமை மறந்து மறந்து பழைய கேள்வியையே கேட்டார். பிறகு ஒரு இரவு "கரப்பந்து எப்பிடிப் போகுது?" என்று கேட்டாராம். பெரியவன் பதில் சொல்லத் தெரியாமல் போனைத் தாயிடம் கொடுத்துவிட்டான்.

இடையில் நடந்தது

ஆடி மாதம் சிறுபோகத் தண்ணீர் ஓடும்போது சின்னவன் சொல்லாமல் வாய்க்காலில் குளிக்கப் போய்விட்டான். மதகடியில் இழுவை கடுமையாக இருக்கும், நீந்தத் தெரிந்தவர்களே பயப்படுகிற இடம். பெரியவன் தேடிப்போய் இழுத்துக்கொண்டு வந்து கன்னத்தில் அறைந்தான். தாய் உடைந்துபோய் எனக்கு போன் செய்தார், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று.

நான் அப்படிப் பார்க்கவில்லை. தண்ணீரிலிருந்து இழுத்து எடுத்தது அவனுக்கு நாங்கள் விட்டுவைத்த பொறுப்பு, அதை அவன் சரியாகச் செய்தான். அறைந்தது பிழை. இரண்டையும் பிரித்து அவனுக்குச் சொன்னேன். அவன் கேட்டது: "பயந்திட்டன் ரீச்சர், அப்ப என்ன செய்யிறது?" பயந்துவிட்டேன் என்பதைத் தம்பியிடம் அப்படியே சொல் என்றேன். சொன்னானா என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. சின்னவனைத் தாய் ஒரு கிழமை வெட்டைக்கு விடவில்லை. அந்தத் தண்டனை தாயின் வாயிலிருந்து வந்ததால் அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

பெறுபேறு வந்தபிறகு

சின்னவன் இரண்டு தாளிலும் சித்தியடைந்தான், ஆனால் புலமைப்பரிசில் கிடைப்பதற்கான மாவட்ட வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டான். இந்தப் பரீட்சை 1940களில், அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில், வசதியில்லாத பிள்ளைகளை நல்ல பாடசாலைக்கு எடுப்பதற்காக வந்தது. இன்று பத்து வயதில் ஒரு வீட்டின் மானமே அதில் தொங்குவதைப் பார்க்க மனம் கொதிக்கிறது. சித்தியடைந்த பிள்ளையை "தவறவிட்டவன்" என்று சொல்ல வைக்கிற ஒரு எண் அது.

அன்று பின்னேரம் பெரியப்பா ஒருவர் வந்து, "அண்ணன்காரன் அடிச்சுப் படிப்பிச்சிருந்தால் எடுத்திருப்பான், நீங்கள்தான் கெடுத்தது" என்று தாயிடம் சொல்லியிருக்கிறார். தாய் அலுமாரியைத் திறந்து வினாத்தாள் கட்டை எடுத்துக் காட்டினார். பெரியவன் சிவப்பில் புள்ளி போட்ட தாள்கள் ஒரு பக்கம், தான் ஒப்பமிட்ட தாள்கள் மறுபக்கம். "அடிச்ச காலத்தில எடுத்ததைவிடக் குறையேல்லை அத்தான், கொஞ்சம் கூடத்தான் கிடக்கு." ஒன்பதாம் வகுப்போடு நின்ற அந்தத் தாய், தன் கையெழுத்து உள்ள தாள்களை வைத்து ஊரில் ஒரு மூத்தவரோடு நியாயம் பேசினது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி.

இப்போது சின்னவன் இதே பாடசாலையில் தரம் 6க்குப் போகிறான். சைக்கிளுக்கும் போனுக்கும் இருவரும் தினமும் சண்டை, தாய் முறையிட்டால், இரத்தம் வராதவரைக்கும் அவர்களே தீர்க்கட்டும் என்கிறேன். பெரியவன் கணிதத்தில் இன்னும் பலவீனம். கணித ஆசிரியர் பாடசாலை முடிந்து அவனையும் இன்னும் சிலரையும் வைத்துப் படிப்பிக்கிறார், கடைசித் தவணையில் 31 என்பது 44 ஆனது. அதைத் தானாகவே தகப்பனுக்குப் போனில் காட்டினான். சாதாரண தரம் முடியும்வரை தம்பியின் எந்த வேலையையும் அவனிடம் கொடுக்கக்கூடாது என்று தாயோடு பேசி வைத்திருக்கிறேன்.

தகப்பன் அடுத்த ஆண்டு விடுமுறையில் வருகிறார். திரும்பிப் போக முதல் அவரோடும் பெரியவனோடும் சேர்ந்து இருந்து, அவர் இல்லாத காலத்தில் எது மகனின் பொறுப்பு, எது இல்லை என்பதை எழுதிவைக்கவேண்டும். அதுவரை கோப்பு என் மேசையில் திறந்துதான் இருக்கும்.